பூண்டி நீர்க்கரையும் மாணவர் பாசறையும்

நூலறிவு வகுப்பறையிலும் நூல்நிலையத்திலும் கிடைக்கும். நாட்டறிவோ நடந்து சென்று கண்டாலன்றிக் கிடையாது. விடுமுறை வந்தவுடன் உதகையும் கோடைக்கானலும் நாடிச் செல்வார் பலர். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய சென்னையின் மேற்புற ஊர்களில் வாழும் நமக்கோ, ஒரு பகலும் ஓர் இரவும் தங்கி இன்புறுதற்கும் அறிவுறுதற்கும் உரிய இடம் மிக அணித்தே உளது. கொசத்தலையாற்றை அணையால் மறித்த பூண்டியே அவ்விடம். அங்குக் காணத்தக்கவை யாவை, பாசறையிட்டுத் தங்குமாறு எங்ஙனம், தங்குவார் கருத்திற் கொள்ள வேண்டுவன யாவை என்பவற்றை ஈண்டுச் சுருங்க எழுதுவோம்.

செல்லும் வழி எளிது. 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கமாகத் திறக்கப்பெற்ற தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதையே இன்றும் நம்மை அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூருக்குக் கொண்டு சேர்க்கின்றது. அங்கிருந்து பூண்டி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்த் தொலைவினது, பேருந்திலும் செல்லலாம், காலை வெயில் ஏறுமுன் புறப்படின் நடந்தும் செல்லலாம். நடந்து செல்வார்க்கு வயலும் ஏரியும் பனைவரிசையும் வழித்துணையாகும்.

இனி, இவ்வாற்றின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். கொசத்தலையாறு மேற்கேயிருந்து வந்து, நகரியாற்றின் நீரையும் ஏற்றுக்கொண்டு, எண்ணூரில் கடலொடு கலப்பது. கேசவரம் அணைக்கட்டில் இதன் நீரில் ஒரு பங்கு கூவத்திற்குத் திருப்பப்படும். ஆதலின் திருவேற்காட்டின் வழியாகச் செல்லும் கூவத்தை இதன் உடன்பிறப்பு என்று கூறுதல் பொருந்தும். சென்னை நகரம் 1872-ஆம் ஆண்டுமுதல் புழல் ஏரியின் நீரைக் குடித்து வந்தது. மக்கள் பெருகவே அந்நீர் போதாதாயிற்று. 1939-ஆம் ஆண்டில் நகரத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற தீரர் சத்தியமூர்த்தி அவர்கள் பூண்டியில் அணை எழுப்புதற்குப் பெரிதும் முயன்றார். உலகப் போர் நிகழ்ந்த அக்காலத்தே தொடங்கிய வேலை 1944-இல் முடிந்தது. அவரோ 1943-இலேயே மறைந்தார். தாம் நட்ட மரத்தின் கனியைத் தாம் உண்ணாது போயினார் அப்பெரியார். இன்று அந்நீர்த்தேக்கம் ‘சத்தியமூர்த்தி சாகர்’ என்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

அத்தேக்கம் நிரம்பின் 3,231 மில்லியன் கன அடி நீர் கொள்ளும். வடகிழக்குப் பருவமழையோடு, 1996-ஆம் ஆண்டுமுதல் ஆந்திர நாட்டுக் கண்டலேற்றிலிருந்து கால்வாய் வழியே கிருஷ்ணை நீரும் இதனை வந்தடைகின்றது. பூண்டியினின்று ஒரு கால்வாய் பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்திற்குச் செல்லும். ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, சோழவரத்திற்கும் அதன் வழியே புழலுக்கும் நீரைத் திருப்பும். அஃதாவது, பூண்டிக் கரையில் நின்று நாம் காணும் நீரே பின்னர் நம் இல்லக் குழாயில் விழும் நீர். இவ்வுண்மையை மறவாது உளத்திற் கொள்ளுமாறு நண்பர்களை வேண்டுகின்றோம். பின்னர்க் கூறுவனவெல்லாம் இதனை அடிப்படையாகக் கொண்டவை.

பூண்டியிற் காணத்தக்கவை பல. அணையை அடுத்துள்ள பூங்கா மரநிழலில் இளைப்பாறுதற்கு ஏற்றது. பொறியியல் பயில்வார்க்கு அங்குள்ள நீரியல் ஆராய்ச்சி நிலையம் பெருவிருந்தாகும். அணைகளையும் மதகுகளையும் சிறு உருவில் அமைத்து நீரோட்டத்தை ஆராயும் இடம் அது. தொல்பொருள் துறையினரின் அருங்காட்சியகமோ நம்மை மிகப் பழைய காலத்திற்கு ஈர்த்துச் செல்லும். 1863-ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூல் அறிஞர், முதலில் பல்லாவரத்திலும், பின்னர் வில்லியம் கிங் என்பாரொடு பூண்டியை அடுத்த அத்திரம்பாக்கத்திலும் பழைய கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவ்விடத்தே அண்மையில் நிகழ்ந்த அகழாய்வின் பயனாக, அங்குக் கிடைத்த கைக்கோடரிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்று 2011-இல் அறிஞர் வெளியிட்டனர். ஆகவே இவ்வாற்றுப் பக்கத்தில் முதன்முதல் தங்கியவர் நாமல்லோம். நீரும் கல்லும் கிடைக்கும் இடம் நாடி வந்த ஆதிமாந்தர் நமக்கு நெடுங்காலம் முன்னரே இங்குத் தங்கிச் சென்றனர்.

பாசறை என்பதும் மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை யன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, காட்டாற்றை அடுத்து மன்னன் அமைத்த பாசறையை விரித்துரைக்கின்றது. புதர்களை நீக்கியதும், முள்வேலி இட்டதும், காவலர் விழித்திருந்ததும், நாழிகை வட்டிலால் பொழுதறிந்ததும் அங்கே கூறப்பெறும். விவிலிய நூலிலோ, இசுரவேலர் ஆண்டுதோறும் ஏழு நாள் தழைக்குடில்களில் தங்கி, தம் முன்னோர் பாலைவனத்தில் கூடாரத்தில் வாழ்ந்ததை நினைவுகூரும் கூடாரத் திருவிழாவைக் காண்கின்றோம். சாரணர் இயக்கமும் 1907-இல் பேடன் பவல் பிரௌன்சீத் தீவில் சிறுவர் சிலரோடு அமைத்த ஒரு பாசறையினின்றே தோன்றியது. முதலாவது ஒழுங்கைக் கற்பிக்கும். இரண்டாவது நன்றியைக் கற்பிக்கும். மூன்றாவது தொண்டைக் கற்பிக்கும். இம்மூன்றும் ஒருங்கு கூடியதே மாணவர் பாசறை.

இனித் தங்கும் முறையைக் கூறுவோம். அணையும் அதன் கரையும் அரசின் நீர்வளத் துறைக்கு உரியவை. ஆதலின் விரும்பிய இடத்தே கூடாரம் அடித்தல் தகாது. ஆசிரியர் ஒருவரின் தலைமையில் முன்னரே எழுத்து மூலம் அனுமதி பெறுதல் வேண்டும். அது கிடையாவிடின், அருகிலுள்ள பள்ளி வெளியிலோ, உடையவர் இசைந்த தோப்பிலோ இரவு தங்கிப் பகலில் நீர்க்கரைக்குச் சென்று வரலாம். தை, மாசித் திங்கள்களே ஏற்ற காலம். மழை ஓய்ந்திருக்கும், நீர் நிறைந்திருக்கும், வெயிலும் கடுமையாய் இராது. காணும் பொங்கல் நாளில் கூட்டம் மிகுமாதலின் அந்நாளை விலக்குக.

கூடாரத்திற்கு மேட்டு நிலமே நன்று. ஆற்று மணல் மெத்தென்றிருக்கிறதே என்று அதில் பாய் விரித்தல் பேதைமை. மேலே எங்கோ பெய்த மழையால் மதகுகள் திறக்கப்படின், உறங்குவார் விழிக்குமுன் வெள்ளம் வந்துவிடும். தென்னையின் கீழும் பட்ட கிளையின் கீழும் படுத்தல் ஆகாது. இரவில் விளக்கின்றி நடவாதிருத்தல், காலணியை உதறி அணிதல், கொசுவலை கொண்டு செல்லுதல் ஆகிய இவை சிறியன போலத் தோன்றினும் துன்பம் தடுப்பன.

நீர்த்தேக்கத்தில் இறங்கிக் குளித்தல் கூடவே கூடாது. மேலே அமைதியாய்த் தோன்றும் நீர் கீழே சேறும் திடீர்ப் பள்ளமும் உடையது; மதகருகே இழுப்பும் உண்டு. நீந்தத் தெரிந்த இளைஞரும் நீர்நிலைகளில் உயிரிழத்தல் உண்டு. தெரியாதவர் இறங்க அஞ்சுவர், தெரிந்தவர் அஞ்சார். ஒரு குடும்பத்தின் நம்பிக்கை முழுவதும் ஒருவன் மேல் சார்ந்திருக்க, அவன் ஒரு கணத் துணிவால் அதனை இழப்பித்தல் வீரமாகுமோ?

குடிநீரைக் கொதிக்க வைத்தே பருகுக. காய்ந்த சுள்ளி பொறுக்கிச் சமைக்கலாம். பச்சை மரத்தில் கை வைத்தல் வேண்டா. புறப்படுமுன் நெருப்பை நீர் ஊற்றி அவித்து, சாம்பலைக் கையால் தொட்டுச் சூடாறியமை காண்க. கழிப்பிடக் குழி நீர்க்கரையினின்று 200 அடிக்குக் குறையாத தொலைவில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் மண் இட்டு மூடல் வேண்டும். பாத்திரம் கழுவிய நீரைத் தேக்கத்தில் கொட்டாது நிலத்தில் ஊற்றுக. பிளாஸ்டிக் உறைகளையும் புட்டிகளையும் கொண்டுவந்த பையிலேயே திருப்பிக் கொண்டு செல்லுக.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என வினவுவார் 2019-ஆம் ஆண்டை நினைவுகூர்க. அவ்வாண்டுக் கோடையில் நகரத்தின் நீர்த்தேக்கங்கள் வறண்டன. சூலைத் திங்களில் சோலையார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் நீரை ஏற்றிக்கொண்டு இரயில் வில்லிவாக்கத்திற்கு வந்தது. ஆவடி, அம்பத்தூர் நிலையங்களைக் கடந்தே அந்நீர் வந்தது. நீர் இல்லாமற்போன துன்பம் ஒருபுறம். இருந்தும் கெட்ட துன்பம் மறுபுறம். பின்னதற்குக் கூவமே சான்று. ஒரே ஆற்றின் நீரைப் பகிர்ந்த இரண்டனுள் ஒன்று குடிநீராய்ப் போற்றப்படுகின்றது. மற்றொன்று நம் ஊர்களின் கழிவைச் சுமந்து சாக்கடையாயிற்று. இவ்வேற்றுமையைச் செய்தது இயற்கையன்று, மக்களே.

ஆதலின், மாணவ நண்பர்களே, நகரத்தின் கேணியருகே விருந்தினராய்த் தங்கும் உணர்வோடு பூண்டிக்குச் செல்லுங்கள். நட்சத்திரங்களின் கீழ் ஓர் இரவு உறங்குங்கள். விடியலில் நீரின் மேல் பறக்கும் நாரைகளைக் காணுங்கள். நீங்கள் எழுந்து வந்த பின்னர் அவ்விடத்தில் யாரும் தங்கினர் என்பதற்குப் படுத்து மடிந்த புல்லன்றி வேறு அடையாளம் இல்லையாயின், அதுவே உங்கள் பாசறை நன்கு நடந்தமைக்குச் சான்றாகும்.