உம்ரா பயணத்தில் குழந்தைக்குக் காய்ச்சலும் தடிப்பும்

மக்காவில் குழந்தைக்குக் காய்ச்சலடித்து உடலில் சிவந்த தடிப்புகள் தோன்றினால் பதறிப்போகிறோம். ஸம்ஸம் கொடுப்போம், ஓதி ஊதுவோம். கூடவே மருத்துவமும் பார்ப்போம். நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்தாம்.

முதலில் கண்ணாடிக் குவளையைத் தடிப்பின் மீது அழுத்திப் பாருங்கள். நிறம் மறையாவிட்டாலோ, எழுப்பியும் விழிக்காமல் குழந்தை துவண்டு கிடந்தாலோ மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். உடனே 997 எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள். நிறம் மறைந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். பாராசிட்டமாலை எடைக்கேற்ற அளவில் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

இருமல், கண்சிவப்போடு முகத்தில் தொடங்கிக் கீழிறங்கும் தடிப்பு தட்டம்மையாக இருக்கலாம். தடிப்பு தோன்றிய பிறகும் 4 நாட்கள் அது பிறருக்குத் தொற்றும். அந்நிலையில் குழந்தையை ஹரமுக்குத் தூக்கிச் செல்வது மற்றப் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் தீங்கு. கொள்ளைநோய் பரவிய ஊரைவிட்டு வெளியேறாதீர்கள் என்ற நபிமொழி உணர்த்துவதும் இதைத்தான்.

"அப்படியானால் எங்கள் உம்ரா?" என்று பெற்றோர் நம்மிடம் கேட்பதுண்டு. உம்ராவுக்குக் காலக்கெடு இல்லை. ஒருவர் குழந்தையோடு அறையில் இருக்க, மற்றவர் தவாஃபை முடித்து வரலாம், பிறகு மாறிக்கொள்ளலாம். அதுவரை இஹ்ராமின் விதிகளைப் பேணினால் போதும். குழந்தைக்கோ உம்ரா கடமையே இல்லை.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக!