கப்பி மாற்றிய இரவு

புல் வெட்டுவதும் ஒரு தொழிலாகுமா என நம்மவருட் சிலர் நகைக்கக்கூடும். புல் வளர்ந்தால் மாடு மேயும், மாடு இல்லாவிடின் வெயிலே அதனைக் கருக்கிவிடும் என்பது யாழ்ப்பாணத்தார் கண்ட உண்மை. வட அமெரிக்காவிலோ வீட்டு முற்றத்துப் புல் ஒரு மரியாதைப் பொருள். ரொறன்ரோ மாநகரிற் புற்றரை 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்துவிட்டால் நகரச் சட்டமே வந்து தலையிடும். ஆகவே, பனி கரைந்த பின் மே மாதம் தொடக்கம் ஒக்டோபர் வரையும் அங்கே புல் வெட்டுவோருக்கு ஓய்வில்லை.

என் தமக்கையாரின் மகன் அந்நகருக்கு வடக்கே, மார்க்கம் என்னும் பகுதியிலிருந்து இத்தொழிலை நடத்தி வருகிறான். ஒரே ஓர் இயந்திரம், ஒரு பழைய பாரவண்டி, உதவிக்கு ஒரு பையன். இவ்வளவுதான் அவனுடைய முதல். சென்ற கோடையில் அவன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். அக்காலத்து ஒரு வெள்ளிக்கிழமை இரவைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

முதலில் அந்த இயந்திரத்தைச் சொல்லவேண்டும். அதற்குச் சுக்கான் இல்லை. ஆசனத்தின் இரு மருங்கிலும் இரண்டு நெம்புகோல்கள் நீண்டு நிற்கும். இடக்கை நெம்புகோல் இடப்பக்கத்துப் பின்சில்லை ஆளும். வலக்கை நெம்புகோல் வலச்சில்லை ஆளும். ஒன்றை முன்னுக்குத் தள்ளி மற்றதைப் பின்னுக்கு இழுத்தால், நின்ற இடத்திலேயே பம்பரம்போலத் திரும்பிவிடும். திரும்புவதற்கு இடமே வேண்டாதது என்ற பொருளில் இதனை ‘ஸீரோ ரேர்ண்’ என்று அழைக்கின்றனர். எமது வயல்களில் ஓடிய ‘லாண்ட்மாஸ்ரர்’ உழவு இயந்திரத்தைக் கண்டவர்களுக்கு இது பெரிய புதினமாகத் தோன்றாது. அதிலும் ஒரு பக்கத்துப் பிடியை நெரித்தால் அப்பக்கத்துச் சில்லு விசையிழக்க, வண்டி அந்தப் பக்கமே திரும்பும். நெல் மிதிக்கும் மாடுகளை ஓட்டியவனுக்கும் இந்தச் சூத்திரம் தெரிந்திருக்கும்.

புல்வெட்டும் இயந்திரத்தை முதன்முதல் ஆக்கியவர் இங்கிலாந்தின் குளொஸ்ரர்சயர் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர். ஆலையிலே கம்பளித் துணியின் மேற்பஞ்சைச் சீராகக் கத்தரிக்கும் பொறியைக் கண்டு, அதே வேலையைப் புல்லின்மேற் செய்தாலென்ன என்று எண்ணி, 1830ஆம் ஆண்டில் அவர் உரிமம் பெற்றார். இரண்டு நெம்புகோல்களாற் செலுத்தும் இயந்திரம் வெகு காலத்தின் பின், 1960களில், அமெரிக்காவின் கன்சாஸ் மாகாணத்து ஜோன் ரீகியர் என்பவரின் முயற்சியாற் பிறந்தது. கோதுமை விளையும் சமவெளி அது. அங்கு கதிரறுக்கும் பொறிகளுக்கும் பட்டறைகளுக்கும் குறைவில்லை.

நிற்க, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். பிற்பகல் மூன்று மணிக்கே மருமகன் வீடு திரும்பிவிட்டான். முகத்திற் களையில்லை.

“என்ன தம்பி, இன்று இவ்வளவு நேரத்தோடு?”

“அம்மான், குளத்துச் சரிவிலே மெசின் வலப்பக்கமாக இழுத்துவிட்டது. வலச்சில்லில் விசை இல்லை. இன்னும் ஒரு பாகம் போயிருந்தால் மெசினோடு நானும் தண்ணீருக்குள்ளே.”

பாகம் என்பது எங்கள் ஊரில் ஆள் ஒருவன் இரு கைகளையும் விரித்த நீளம். அவன் மனைவி கேட்டுவிடக் கூடாதென்று மெதுவாகவே சொன்னான். பதினைந்து பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டாதே, நீர்நிலையின் கரையை அணுகாதே என்று இத்தகைய இயந்திரங்களின் கைந்நூல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். இவற்றின் அடியில் அகப்பட்டும், இவற்றோடு நீரில் வீழ்ந்தும் இறந்தவர்கள் உளர். இதனை அவனுக்கு நான் அப்போது சொல்லவில்லை, அவனுக்கே தெரியும்.

“பெல்ட் போயிருக்கும்” என்றான். இரண்டு மாதத்தில் இரண்டு பெல்ட் ஏற்கெனவே மாற்றியிருந்தான். மூன்றாவதையும் வாங்கப் புறப்பட்டவனை மறித்து நிறுத்தினேன். இருபது வருஷம் பட்டறையில் வேலை செய்தவன் நான். பெல்ட் அடிக்கடி தேய்ந்தால் குற்றம் பெரும்பாலும் பெல்ட்டில் இராது.

இயந்திரத்தின் அமைப்பு இதுதான். எஞ்சினின் தண்டு செங்குத்தாகக் கீழ்நோக்கி நிற்கிறது. அதன் அடியிலுள்ள கப்பியிலிருந்து ஒரு பெல்ட் பின்புறம் சென்று, இடமும் வலமுமாக உள்ள இரண்டு எண்ணெய்ப் பம்புகளின் கப்பிகளைச் சுற்றி வருகிறது. பம்பு சுழல, எண்ணெயின் அமுக்கத்தாற் சில்லு உருள்கிறது. சுருள்வில் பூட்டிய வேறொரு கப்பி பெல்ட்டை எப்போதும் விறைப்பாக வைத்திருக்கிறது. பம்புக் கப்பி தன் தண்டிலே வழுகினால், எஞ்சின் எவ்வளவு முழங்கினாலும் அந்தப் பக்கத்துச் சில்லுக்கு விசை போய்ச் சேராது.

எஞ்சினை ஆறவிட்டு, பற்றறியின் எதிர்முனைக் கம்பியையும் தீப்பொறிப் பிளக்கின் கம்பியையும் கழற்றினோம். முன்சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, பின்புறத்தை யாக்கினால் உயர்த்தி, இரும்புத் தாங்கிகளின்மேல் இருத்தினோம். யாக்கை மட்டும் நம்பி இயந்திரத்தின் கீழே தலையை நீட்டுவது மடமை. ரோச் வெளிச்சத்தில் வலப்பக்கத்துக் கப்பியைச் சுற்றிக் கருந்தூள் படிந்திருந்தது. அரைபட்ட றப்பர் அது. கப்பியைக் கையாற் பிடித்து அசைத்தேன். ஆடியது, தண்டு அசையவில்லை.

கடை பூட்டுமுன் மருமகன் ஓடினான். அங்கே விலை குறைந்த வேறொரு கப்பியைக் காட்டினார்களாம். விட்டம் சிறிதே குறைவு. நல்ல காலம், அதை வாங்கவில்லை. கப்பி சிறுத்தால் பம்பு விரைவாகச் சுழலும். வலச்சில்லு இடச்சில்லை முந்தும். இயந்திரம் ஓயாது இடப்பக்கமாக இழுத்துக்கொண்டேயிருக்கும். மாணவர்கள் இதைத் தாளில் வரைந்து பார்க்கலாம்.

பெல்ட் போகும் வழியை அட்டையொன்றிற் படமாக வரைந்துகொண்ட பின்பே சுருள்வில்லைத் தளர்த்திப் பெல்ட்டைக் கழற்றினோம். கப்பியின் மேலிருந்த காற்றாடியையும் அதன் நட்டையும் எடுத்தோம். கப்பி மட்டும் வர மறுத்தது. ஆடுகின்ற கப்பி ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். தேய்ந்த இரும்புத் தூளும் துருவும் சேர்ந்து நுனியிலே இறுகியிருந்தன. மருமகன் சுத்தியலை எடுத்தான்.

“ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும், அம்மான்.”

“கப்பி வரும். உள்ளேயிருக்கும் பேரிங்கும் எண்ணெய் அடைப்பும் அதனோடு போகும். பிறகு முழுப் பம்பையும் மாற்றவேண்டி வரும். கையிலே காசு இருக்கிறதா?”

சுத்தியலைக் கீழே வைத்தான். துரு இளக்கும் எண்ணெயை விட்டு அரைமணி நேரம் காத்திருந்தோம். அந்நேரத்தில் மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எங்கள் முகங்களைப் பார்த்து நின்றாள். அடுத்த நாள் ஒன்பது வீடுகளில் வேலை. ஒரு சனிக்கிழமை தவறினால், அந்த வீட்டுக்காரர் அடுத்த கிழமை வேறொருவனை அழைத்துவிடுவர். பனிக்காலத்து வீட்டுக்கடனும் இந்தப் புல்லிலிருந்துதான் வரவேண்டும்.

பிறகு, இரு கால்களாற் கப்பியைக் கவ்வி நடுவிலே திருகிப் பிடுங்கும் கருவியைப் பூட்டினோம். மெல்ல மெல்லத் திருகினான். ‘டக்’ என்று ஓர் ஒலி. கப்பி கையில் வந்தது.

தண்டுக்கும் கப்பிக்கும் நடுவே சிறு சதுர உருக்குத் துண்டு ஒன்று இருக்கும், சாவி என்பர். அது பாதியாகத் தின்னப்பட்டிருந்தது. கப்பியின் உட்பள்ளம் அகன்று சிதைந்திருந்தது. எப்போதோ நட்டு இளகியிருக்க வேண்டும். இனித் தண்டின் பள்ளம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதுவும் சிதைந்திருந்தால் அன்றிரவு செய்யக்கூடியது ஒன்றுமில்லை. துணியால் துடைத்து, வெளிச்சத்தைக் கிட்டப் பிடித்து, நகத்தால் ஓரங்களைத் தடவினேன். ஒரு ஓரத்திற் சிறிது பிசிர், வேறொன்றுமில்லை. மெல்லிய அரத்தால் இரண்டு தடவை இழுத்துவிட்டுப் புதுச் சாவியை வைத்தேன். ஆட்டமின்றிப் பொருந்தியது. மருமகன் அப்போதுதான் தேநீரை எடுத்துக் குடித்தான். அது ஆறிப் போயிருந்தது.

புதுக் கப்பியைத் தலைகீழாகப் பூட்டிவிடுவோர் பலர். குடம் எந்தப் பக்கம் நோக்கியிருந்ததோ அந்தப் பக்கமே நோக்கவேண்டும். அன்றேல் பெல்ட் சாய்வாக ஓடி, மறுபடியும் கருந்தூளே கொட்டும். எல்லாக் கப்பிகளும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று நேரான சட்டமொன்றை வைத்துப் பார்த்தோம். ஊரிலே அரைவை ஆலையின் தட்டையான தோல்வார் வழுக்கினால் குங்கிலியம் பூசுவார்கள். இந்தப் பெல்ட்டுக்கு அவ்வித்தை கூடாது. இது ஆப்புப்போலப் பள்ளத்தின் இரு பக்கச் சுவர்களையும் நெருக்கியே இழுக்கிறது, அடியைத் தொடுவதில்லை. பழைய கப்பியின் பள்ளத்து அடி பளபளத்திருந்தது. பெல்ட் தேய்ந்து அடிவரை இறங்கியதற்கு அது அடையாளம்.

நட்டைக் கைந்நூலிற் சொன்ன அளவுக்கு, முறுக்கு அளக்கும் ஸ்பானரால் இறுக்கினோம். கைப்பலத்தை நம்பியவன் ஒன்றில் குறைய இறுக்குவான், அல்லது புரியை அறுப்பான். சில்லுகள் நிலத்தைத் தொடாதபடியே எஞ்சினை ஓட்டி, இரண்டு நெம்புகோல்களையும் மெதுவாக அசைத்தான். இரண்டு சில்லும் ஒத்துச் சுழன்றன. அப்போது மணி பதினொன்றே கால்.

சனிக்கிழமை ஒன்பது வீட்டு வேலையும் முடிந்தது. குளத்தங்கரைப் புல்லை மட்டும் அன்று கையால் தள்ளும் சிறிய இயந்திரத்தினாலேயே வெட்டினானாம். இனிமேலும் அப்படித்தான் என்றான். மாலையில் வந்து, உடுப்பு மாற்றுமுன் அதே ஸ்பானரை எடுத்து நட்டைச் சோதித்தான். அது அசையவில்லை.