தோணியில் மாமல்லபுரம்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழையிலையும் பேரம் பேசி வாங்கும் நம்மவர்கள், அவை ரயிலிலோ லாரியிலோ வந்தன என்று நினைப்பது இயல்பே. ஆனால், சென்னைப் பட்டணத்தின் அடுப்பு எரிந்தது ஒரு காலத்தில் தோணியை நம்பித்தான். இன்று ராக்கெட் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அன்று வந்தது விறகு! உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் கூட பக்கிங்காம் கால்வாய் வழியாகவே வந்தன.

1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கியது, பின்னர் ஆந்திரத்துப் பெத்தகஞ்சாம் முதல் நமது மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்டது. நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் துண்டு, 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. மண் சுமந்தவர்கள் பட்டினியில் வாடிய ஏழைகள். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு!

சரக்குடன் ஆட்களும் போனார்கள். சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். காற்று வாய்த்தால் பாய் விரிக்கலாம். இல்லையேல் துடுப்பும் கோலும் கயிறும்தான். கடல் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப நீரைத் தேக்க ஆங்காங்கே 'லாக்'குகள் இருந்தன. சேப்பாக்கத்தில் 'லாக் நகர்' என்று இன்றும் சொல்கிறார்களே, அந்த லாக்தான். அவசரக்காரனுக்கு ஏற்ற பயணமல்ல.

1934-இல் பாரதிதாசன் நண்பர்களுடன் இப்படிப் போனார். அதைப் பாடிய பாட்டின் பெயர் 'மாவலிபுரச் செலவு'. (செலவு என்றால் இங்கே பயணம், மாதக் கடைசிச் செலவு அல்ல!) இயற்கையின் அழகில் தோய்ந்து வந்த கவிஞரின் கண், கரையில் கயிற்றைத் தோளில் போட்டுத் தோணியை இழுத்து நடந்த ஆளின் மேல் விழுந்தது. பின்னால் மற்றொருவர் முதுகு வளைந்து கோலால் தள்ளினார். பார்க்கப் பொறுக்கவில்லை கவிஞருக்கு. உல்லாசப் பயணத்தைப் பாடியவர் பலர். இழுத்தவனைப் பாட்டில் ஏற்றியவர் எத்தனை பேர்?

1960-களிலும் 70-களிலும் அடித்த புயல்கள் கரைகளைக் குலைத்தன. சாலையில் லாரி ஓடத் தொடங்கியபின் தோணியைத் தேடுவாரில்லை. பறக்கும் ரயிலுக்காகக் கால்வாய்க்குள்ளேயே தூண்கள் முளைத்தன. நகரின் சாக்கடையும் அதில்தான் கலக்கிறது. 2008-இல் இதனை உள்ளிட்ட நீர்வழிக்குத் தேசிய நீர்வழி 4 என்ற பட்டம் கிடைத்தது. இந்த முறை ஊருக்குப் போகும் அன்பர்கள் மயிலாப்பூர் பறக்கும் ரயில் நிலையத்தில் நின்று கீழே குனிந்து பாருங்கள். தோணி போன வழி அதுதான்.