எண்ணப்படாத பறவைகள்

வன்னியம்பட்டியை அடுத்த மானாவாரிக் கரிசல் காட்டில், சென்ற ஆண்டு ஐப்பசி மாத மாலையொன்றில் நான் நடந்து கொண்டிருந்தபோது, முழங்கால் உயரப் புல்லை உரசியபடி மெலிந்த பருந்து ஒன்று பறந்து வந்தது. பின்னால் மற்றொன்று, சற்று நேரத்தில் மேலும் சில. இருட்டும் வேளையில் அவை ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் இறங்கி மறைந்தன. இந்த ஆண்டு அதே இடத்தில் புல் இல்லை; மனைப்பிரிவுக்கான வண்ணக் கற்கள் நடப்பட்டிருக்கின்றன. எத்தனை பறவைகள் அங்கே இரவைக் கழித்தன என்பதை யாரும் எண்ணவில்லை. பல்லாண்டுகள் வகுப்பறையில் புள்ளியியல் கற்பித்த நானும் எண்ணவில்லை.

அவை பூனைப்பருந்துகள். கஜகஸ்தான் உள்ளிட்ட மத்திய ஆசியப் புல்வெளிகளில் தரையில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. செப்டம்பர், அக்டோபரில் இந்தியாவுக்கு வந்து, மார்ச், ஏப்ரலில் திரும்புகின்றன. வெட்டுக்கிளி, எலி, சிறு பறவை ஆகியவை அவற்றின் இரை. பகலில் தனித்தனியே வேட்டையாடினாலும், இரவில் திறந்த புல்வெளியில் கூட்டமாகத் தரையிலேயே உறங்கும். இந்தக் கூடி உறங்கும் வழக்கம்தான் கணக்கெடுப்பை எளிதாக்குகிறது.

கதிரவன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, உறங்குமிடத்துக்குச் சற்றுத் தொலைவில் திசைக்கு ஒருவராக அமர வேண்டும். உள்ளே வருபவற்றைக் கூட்டி, எழுந்து வெளியேறுபவற்றைக் கழிக்க வேண்டும். வளர்ந்த ஆண் பறவை சாம்பல் நிறம். பெண்ணும் இளம் பறவையும் பழுப்பு. இளம் பறவைகளைப் பிரித்தறியப் பயிற்சி வேண்டும். அவற்றின் விகிதம், தொலைதூரப் புல்வெளியில் அந்த ஆண்டு இனப்பெருக்கம் எப்படி இருந்தது என்பதற்கான குறிப்பைத் தரும். ஒரு மாலையின் எண்ணிக்கையால் பயன் அதிகமில்லை. அதே இடத்தில், அதே முறையில், ஆண்டுதோறும் எண்ணினால்தான் போக்கு புலப்படும். விலைவாசிக் குறியீட்டுக்கும் இதே விதிதான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள 'ஹாக் மவுன்டன்' என்ற மலையில், இலையுதிர் காலத்தில் கடந்து செல்லும் வல்லூறுகளையும் கழுகுகளையும் வேடிக்கைக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். 1934-இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சுடுவதைத் தடுத்தார். அன்றே கணக்கெடுப்பும் தொடங்கியது. பின்னாளில், கடந்து செல்லும் வெண்தலைக் கழுகுகளில் இளம் பறவைகள் அருகி வருவதை அந்த ஏடுகள் காட்டின. 1962-இல் டி.டி.டி. பூச்சிக்கொல்லியின் தீமைகளை எடுத்துரைத்த ரேச்சல் கார்சனுக்கு அவை சான்றாயின. 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யை வேளாண்மையில் தடை செய்தது.

எண்ணுவதில் காட்டும் அலட்சியத்துக்கு நாம் கொடுத்த விலை பெரிது. 1990-களில் நம் நாட்டுப் பாறு கழுகுகள் லட்சக்கணக்கில் மடிந்தன. கால்நடைகளுக்கு அளித்த டைக்ளோஃபினாக் மருந்தே காரணம் என்பது தெரிய 2000-க்குப் பிறகு சில ஆண்டுகளாயின. கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது 2006-இல். பிணந்தின்னிப் பறவைகள் இல்லாமற்போனதால் 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் பறிபோயிருக்கலாம் என்று, ஐயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகிய பொருளியலாளர்கள் 2024-இல் வெளியான ஆய்வில் மதிப்பிட்டுள்ளனர். பறவைக் கணக்கு பொழுதுபோக்கு அல்ல என்பதை என் துறைக்கே உணர்த்திய ஆய்வு அது.

பூனைப்பருந்துகளுக்கு இன்று நேரும் இடர், மருந்தைவிட நில வகைப்பாட்டால் வருவது. நம் வருவாய்த் துறைக் கணக்கில் புல்வெளிகளில் பெரும்பகுதி 'தரிசு'. பயன் இல்லை என்று ஏட்டில் எழுதிய நிலத்தை எதற்கு மாற்றினாலும் அது ஆதாயமாகவே தோன்றும். இழப்பு எந்தப் பத்தியிலும் பதிவாகாது. மேற்கே மலைக்காட்டுக்கு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் என்ற அரண் உண்டு. அடிவாரத்துக்குக் கிழக்கே விரியும் கரிசல் புல்வெளிக்கு அப்படியொன்று இல்லை. மனைகளோ சூரிய மின் பூங்காக்களோ வேண்டாம் என்பதல்ல என் வாதம். எந்த நிலத்தை விடலாம், எதை விடக்கூடாது என்று தேர்ந்தெடுக்கவேனும் ஒரு கணக்கு வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, உள்ளாட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் ஒரு மாலை எண்ணி, அதை ஊராட்சிப் பதிவேட்டில் சேர்க்கலாம். ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டால் பறவைகள் இறங்கும் இடம் தெரியும்.

எனக்கு இன்னொரு தரிசைக் காட்டியவரும் ஓர் ஆட்டுக்காரர்தான். வரும் கார்த்திகையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அங்கே அமர்வதாக இருக்கிறேன். முதல் ஆண்டின் எண் எதையும் மெய்ப்பிக்காது. ஆனால், அந்த எண் இல்லாமல் இரண்டாம் ஆண்டின் எண்ணுக்குப் பொருளே இராது.