அரசு லாட்டரி: பெயர் மறைந்தால் ஹுக்ம் மாறுமா?

காரைக்குடி பக்கத்திலிருந்து வேலைக்கும் வியாபாரத்துக்கும் கேரளா போய்வரும் நம் சகோதரர்களில் சிலர், அங்கே லாட்டரிச் சீட்டு வாங்குவதற்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, "அரசாங்கமே நடத்துது ஹஜ்ரத், ஏமாத்து கிடையாது." இன்னொன்று, "பரிசு விழுந்தாலும் பேர் வெளியே வராது, ஜமாஅத்துக்குத் தெரியாது."

முதல் காரணத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி, சீட்டில் மாநில அரசின் முத்திரை இருக்க வேண்டும். குலுக்கலை அரசே தன் மாநிலத்துக்குள் நடத்த வேண்டும். விற்ற பணம் அரசின் பொதுக் கணக்கில் சேர வேண்டும். ஒற்றை இலக்கத்துக்கோ முன்பே அறிவித்த எண்ணுக்கோ பரிசு தரக் கூடாது. கேரளத்தில் நடுவர்கள் முன்னிலையில், மக்கள் பார்க்கவே குலுக்கல் நடக்கிறது.

பெயர் ரகசியம் என்பது பாதிதான் சரி. பரிசை வாங்கப் போகிறவர் சீட்டின் பின்புறம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்திட வேண்டும். பெரிய தொகை என்றால் அடையாள ஆவணங்கள் தர வேண்டும், வருமான வரியும் பிடிப்பார்கள். ஆக, அரசுக்கு எல்லாம் தெரியும். மறைக்கப்படுவது ஊருக்கு மட்டும்தான். அதற்கும் நியாயம் உண்டு. 2022 ஓணம் பம்பரில் 25 கோடி விழுந்தவர், உதவி கேட்டு வருபவர்களின் கூட்டத்தால் சொந்த வீட்டில் இருக்க முடியாமல் தவித்தார்.

ஆனால் ரகசியம் முழுமையானால் மோசடிக்கு வழி திறக்கும். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 2010இல் விற்ற ஒரு சீட்டுக்குப் பரிசு கேட்டு வந்தவர்கள், வாங்கியவர் யார் என்று சொல்ல மறுத்தார்கள். பெயர் சொல்லாமல் பணம் கிடையாது என்றது லாட்டரி நிர்வாகம். அந்தப் பிடிவாதத்தால்தான் உண்மை வெளிவந்தது: சீட்டை வாங்கியவர், லாட்டரிக் கணினிகளின் பாதுகாப்புக்கே பொறுப்பாக இருந்த அதிகாரி. எண்களைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருளிலேயே கைவைத்திருந்தார்.

சரி, கண்காணிப்பு எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது குலுக்கல் நேர்மையாகும். லாட்டரி ஹலால் ஆகிவிடாது. அரசு நடத்தினாலும் லாட்டரி சூதாட்டமே என்று 1999இல் நம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

1968இல் அண்ணா ஆட்சியில் தமிழக அரசு லாட்டரி தொடங்கியபோது, "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று விளம்பரம் செய்தார்கள். இந்த வாதம் அரபுகளுக்குப் புதிதல்ல. ஜாஹிலிய்யா காலத்தில் ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைத்து அம்புகளால் சீட்டு எடுப்பார்கள். ஜெயித்தவர் இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பெருமை பேசுவார். தோற்றவர்தான் விலை தர வேண்டும். அந்த மைஸிரைத்தான் அல்லாஹ் 5:90இல் ஷைத்தானின் செயல் என்று தடுத்தான். அதில் சிறிது பயன் உண்டு, பாவமோ அதைவிடப் பெரிது என்ற கருத்து 2:219இல் வருகிறது.

சிலர் ஹஜ் குலுக்கலைக் காட்டிக் கேட்பார்கள். அது குர்ஆ. நபி (ஸல்) அவர்களும் பயணத்தில் உடன் வரும் மனைவியைத் தேர்ந்தெடுக்கக் குர்ஆ போட்டிருக்கிறார்கள். அங்கே ஒருவருடைய இழப்பு இன்னொருவருக்குப் பரிசாவதில்லை.

2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழகத்தில் லாட்டரியைத் தடை செய்தது. அதன் பிறகும் "மூணு நம்பர்" கைபேசி வழியே வீட்டுக்குள் வருகிறது. கேரளக் குலுக்கலின் கடைசி எண்களை வைத்துத் திருட்டுத்தனமாக நடக்கும் இந்த ஆட்டத்துக்கு முத்திரையும் இல்லை, தணிக்கையும் இல்லை. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு குடும்பமே இந்தக் கடனில் அழிந்தது. தாய்மார்களே, பிள்ளைகளின் கைபேசியைக் கொஞ்சம் கவனியுங்கள்.

பரிசுப் பணம் ஏற்கெனவே கைக்கு வந்திருந்தால் அதைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுவர வேண்டாம். நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்து அதிலிருந்து விடுபட்டு, தவ்பா செய்ய வேண்டும் என்பதே உலமாக்கள் சொல்லும் வழி. குலுக்கல் இன்னும் நடக்காத சீட்டு பையில் இருந்தால், முடிவு வரும்வரை காத்திருக்காமல் இன்றே கிழித்துப் போடுங்கள்.