தகரக் கூரைக்குள் ஒரு வரலாறு

கேமரன் மலைக்குச் சுற்றுலா போகும் நம்மில் பலர், தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்கிற்கும் இடைப்பட்ட பகுதியை ஸ்ட்ராபெரித் தோட்டங்களையும் காய்கறிச் சந்தைகளையும் தேடியபடியே கடந்துவிடுகிறோம். அங்கே ஆல் சோல்ஸ் என்ற சிறிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. வானை நோக்கி உயரும் கோபுரம் அதற்கு இல்லை. பெரிய தகரக் குழாய் ஒன்றை நீளவாக்கில் பாதியாக அறுத்துக் கவிழ்த்து வைத்தது போன்ற உருவம். முதன்முறை பார்ப்பவர் இது பழைய கிடங்கோ, ராணுவக் கொட்டகையோ என்று நினைக்கலாம். ராணுவக் கொட்டகை என்று நினைப்பவரின் ஊகம் சரி.

மாணவர்களே, வரலாறு பாடநூலில் மட்டும் இருப்பதில்லை. ஒரு கட்டடத்தின் வடிவமும் அது எழுந்த காலத்தைச் சொல்லும். ஆல் சோல்ஸ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கோபுரம் சொல்லும் கதை

தேவாலயம் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது கோதிக் பாணிக் கட்டடம்தான். சிங்கப்பூரின் ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து அன்னை ஆலயம் அந்த வகையைச் சேர்ந்தது. சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென எழுப்பப்பட்ட முதல் ஆலயம் அது. அதற்கு முன் அவர்கள் குயின் ஸ்திரீட்டில் இருந்த ஆலயத்தில் சீனக் கத்தோலிக்கர்களோடு சேர்ந்து வழிபட்டு வந்தனர். 1886 ஆகஸ்டு 1-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டு, 1888-இல் ஆலயம் திறக்கப்பட்டது. பிரான்ஸின் லூர்து நகர ஆலயத்தை மாதிரியாகக் கொண்டது. 2005-இல் சிங்கப்பூர் அரசு அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

கோதிக் கட்டடத்தை அடையாளம் காண்பது எளிது. அதன் வளைவுகள் உச்சியில் கூராக முடியும். அது அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. வட்ட வளைவு தன் சுமையைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும்; கூர்வளைவோ அந்தச் சுமையில் பெரும்பகுதியைக் கீழ்நோக்கி இறக்கும். அதனால் சுவர்களை உயர்த்தி எழுப்பலாம், பெரிய சன்னல்கள் வைக்கலாம், வண்ணக் கண்ணாடிகள் வழியே ஒளியை உள்ளே கொண்டுவரலாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் பணம், நேரம், தேர்ந்த கொத்தனார்கள், அமைதியான காலம் ஆகியவை வேண்டும். லூர்து அன்னை ஆலயத்துக்கு அவை கிடைத்தன. கேமரன் மலையில் நிலைமை வேறு.

போர்க்களத்தில் பிறந்த வடிவம்

ஆல் சோல்ஸ் தேவாலயத்தின் வடிவத்துக்கு நிஸ்ஸென் குடில் என்று பெயர். முதல் உலகப் போரின்போது, 1916-இல், பிரிட்டிஷ் ராணுவப் பொறியியல் படையில் இருந்த பீட்டர் நார்மன் நிஸ்ஸென் இதை வடிவமைத்தார். படைவீரர்களைக் குளிரிலிருந்தும் மழையிலிருந்தும் காக்க, விரைவாக எழுப்பக்கூடிய, எளிதாகத் தூக்கிச் செல்லக்கூடிய கொட்டகை தேவைப்பட்டது. வில்லாக வளைந்த எஃகுச் சட்டங்களை வரிசையாக நட்டு, அவற்றின் மேல் நெளிதகரத்தைப் போர்த்தினால் கொட்டகை தயார். பிரித்துக் கட்டினால் ஒரே வண்டியில் ஏற்றிவிடலாம். ஆறு பேர் சேர்ந்தால் நான்கு மணி நேரத்தில் எழுப்பிவிடலாம். அந்தப் போர்க் காலத்திலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடில்கள் தயாராயின.

இதன் அறிவியலை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு தாளை இரண்டு புத்தகங்களுக்கு இடையே பாலம்போல் வையுங்கள், தொய்ந்து விழும். அதே தாளை விசிறிபோல் மடித்து வையுங்கள். ஒரு பேனாவைக்கூடத் தாங்கும். நெளிதகரத்தின் வலிமை அந்த மடிப்பில் இருக்கிறது. அரைவட்ட வடிவமோ கூரையின் சுமையை இரு பக்கமும் வழியவிட்டுத் தரையில் சேர்த்துவிடுகிறது. நடுவில் தூண் வேண்டியதில்லை. கூரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்ற பிரிவும் இல்லை. கேமரன் மலையில் அடிக்கடி கொட்டும் மழையும் அதில் தேங்காமல் வழிந்தோடிவிடும்.

தூண்கள் மறைக்காத அகன்ற இடத்துக்குக் கூரை போடுவது எப்படி என்ற கேள்விக்கு, கோதிக் கொத்தனார்கள் கல்லில் விடை கண்டார்கள். நிஸ்ஸென் எஃகில் கண்டார்.

மலைக்கு வந்தது எப்படி?

1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியைப் பற்றி அரசாங்கத்துக்குத் தெரிவித்தார். ஆயினும் நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925-இல் சர் ஜார்ஜ் மெக்ஸ்வெல் இங்கு வந்து ஆராய்ந்த பிறகுதான் மேம்பாட்டுப் பணிகள் சூடுபிடித்தன. 1929-இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். செங்குத்தான சரிவுகளில் காடழித்து, கொழுந்து கிள்ளி, மலையைப் பசுமைக் கம்பளமாக மாற்றிய உழைப்பில் தமிழர்களின் பங்கு பெரிது.

1934-இல் ஆன் கிரிஃபித்-ஜோன்ஸ் என்ற ஆசிரியை இங்கே உறைவிடப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் தங்ளின் பள்ளியை நிறுவியவர் அவர். ஜப்பானியப் படையெடுப்பு அவருடைய பணியைத் தடுத்தது. போர்க் காலத்தைச் சாங்கி முகாமில் கைதியாகக் கழித்தார். போருக்குப் பின் மலைப் பள்ளி மீண்டும் இயங்கியபோதும், 1948-இல் தொடங்கிய அவசரகாலம் அதை நீடிக்கவிடவில்லை. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம்; மலைச் சாலைகளில் எந்நேரமும் தாக்குதல் அச்சம். பள்ளி மூடப்பட்டது. 1951 முதல் பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்கான ஸ்லிம் பள்ளி இங்கே இயங்கியது.

இந்தச் சூழலில்தான் தேவாலயம் எழுந்தது. கிரிஃபித்-ஜோன்ஸ் நிலத்தை நன்கொடையாகத் தந்தார். ராணுவத்தின் நிஸ்ஸென் குடில் ஆலயமானது. மலாயா சுதந்திரம் பெற்று, அவசரகாலம் இன்னும் முடியாதிருந்த 1950-களின் இறுதி அது. ஆலயத்தின் வரலாறு முழுவதும் அதன் உருவத்திலேயே இருக்கிறது. கோபுரம் இல்லை என்பது குறையன்று. அது ஒரு காலத்தின் கையெழுத்து.

கைதிகள் கட்டிய ஆலயம்

நிஸ்ஸென் குடில் வழிபாட்டிடமானது இங்கு மட்டுமல்ல. ஸ்காட்லாந்தின் வடக்கே ஓர்க்னி தீவுகளில் ஒரு கத்தோலிக்கச் சிற்றாலயம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலிய வீரர்கள், கடல் தடுப்பணைகள் கட்டுவதற்காக 1942-இல் அங்கே கொண்டுவரப்பட்டனர். வழிபட ஓரிடம் கேட்ட அவர்களுக்கு இரண்டு நிஸ்ஸென் குடில்கள் கிடைத்தன. அவற்றை நீளவாக்கில் இணைத்தார்கள். டொமினிக்கோ கியோக்கெட்டி என்ற கைதி, உட்புறத்தில் கல்லும் செங்கல்லும் இருப்பதுபோலவே ஓவியம் தீட்டினார். இறைச்சி டின்கள் விளக்குகளாயின. முன்பக்கத்தில் மட்டும் சிமெண்டால் ஓர் ஆலய முகப்பு எழுந்தது. 1944-இல் மற்றக் கைதிகள் வெளியேறியபோது, எஞ்சிய வேலையை முடிக்க அவர் மட்டும் தங்கினார். 1960-இல் திரும்பி வந்து ஓவியங்களைப் புதுப்பித்தும் கொடுத்தார்.

சில ஆண்டுகளே நிற்க வேண்டிய கொட்டகை இன்றும் நிற்கிறது என்றால், அதற்குக் காரணம் தகரத்தின் உறுதி மட்டுமல்ல. யாரோ அதைத் தொடர்ந்து பயன்படுத்துகிறார்கள், பழுது பார்க்கிறார்கள், அதன் கதையை அடுத்த தலைமுறைக்குச் சொல்கிறார்கள்.

நம் தோட்டத்தில் என்ன இருக்கிறது?

இப்போது நம் பக்கம் திரும்புவோம். தோட்டப்புறக் கோயில்கள் பலவற்றின் கதை ஒரே மாதிரிதான் தொடங்கும். முதலில் மரத்தடியில் ஒரு கல். பிறகு நான்கு கம்பங்களின் மேல் தகரக் கொட்டகை. வசதி வந்த பிறகு கோபுரம். தோட்டத்து மாதா கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் இப்படி எளிமையாகத் தொடங்கியவைதாம். கோபுரம் எழுந்த நாளில் கும்பாபிஷேக மலர் அச்சாகிறது. ஆனால் அந்தத் தகரக் கொட்டகையை யார் போட்டார்கள், தகரம் எங்கிருந்து வந்தது, நிலத்தை யார் விட்டுக்கொடுத்தார்கள் என்பவை எங்கும் பதிவாகாமல் போய்விடுகின்றன. அவசரகாலத்தில் பல தோட்டங்களின் லயங்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு முள்வேலி போடப்பட்டது. அந்த லயங்களும் இன்று ஒவ்வொன்றாக இடிபட்டு வருகின்றன.

பழைய கொட்டகையை இடிக்கவே கூடாது என்பதன்று வாதம். நல்ல கோயிலும் நல்ல பள்ளியும் நம் மக்களின் நெடுநாள் கனவு. இடிப்பதற்கு முன் பதிவு செய்துவிட வேண்டும் என்பதே கோரிக்கை.

வரலாற்றுப் பாட இடுபணிக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம். உங்கள் பகுதியிலுள்ள பழைய கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எதனால் கட்டப்பட்டது? நிலத்தைக் கொடுத்தவர் யார்? இதை இப்போது பயன்படுத்துபவர் யார்? முதல் கேள்வி அந்தக் காலத்தின் வசதியையும் தட்டுப்பாட்டையும் காட்டும். இரண்டாவது, அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதைக் காட்டும். மூன்றாவது, அது ஏன் பிழைத்தது அல்லது ஏன் அழிந்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டும்.

கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். நீள அகலத்தை அளந்து குறியுங்கள். பிறகு உங்கள் தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். அவசரகாலத்தில் சிறுவர்களாக இருந்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயதாகிவிட்டது. கட்டடத்தை அடுத்த ஆண்டுகூட அளக்கலாம். பாட்டியிடம் கேட்க வேண்டியதை இந்த விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள்.