விளையாட்டுக்கு மடிக்கணனி: விலைக்கு முன் விளையாட்டின் பெயரைக் கேளுங்கள்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்த வீடுகளில் இப்போதெல்லாம் வழமையாக எழும் கோரிக்கை ஒன்றுண்டு. "உம்மா, எனக்கு ஒரு லெப்டொப் வேணும்." பாடத்துக்கு என்றுதான் முதலில் சொல்லப்படும். கொஞ்சம் பேச விட்டுக் கேட்டால், பாடத்தோடு சேர்த்து ஒரு விளையாட்டும் மனதில் இருப்பது தெரியவரும். மகன் மட்டுமல்ல, மகளும் கேட்கிறாள். இதில் பிள்ளை ஒளிக்கவும் தேவையில்லை, பெற்றோர் கோபிக்கவும் தேவையில்லை. இரண்டையும் வெளிப்படையாகப் பேசினால்தான் கையிலுள்ள காசுக்கு ஏற்ற பொருளை வாங்க முடியும்.

சிக்கல் கடையில்தான் தொடங்குகிறது. "கேமிங் லெப்டொப்" என்று சொன்னவுடன், விசைப்பலகையில் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும் கனத்த இயந்திரமொன்றை எடுத்து வைப்பார்கள். அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். 2022 மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அடுத்த மாதமே 300 ரூபாவைத் தாண்டியது. அன்று முதல் இறக்குமதியாகும் இத்தகைய பொருட்கள் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. ஆனால் சகோதரிகளே, உங்கள் பிள்ளை விரும்புவது வியூக விளையாட்டு என்றால் அந்த விளக்கு எரியும் இயந்திரம் பெரும்பாலும் தேவையே இல்லை.

வியூக விளையாட்டு என்பது என்ன?

துப்பாக்கியோடு ஓடிச் சுடுவதும் கார் ஓட்டுவதும் ஒரு வகை. அவற்றில் காட்சி கண் இமைக்கும் நேரத்தில் மாற வேண்டும். வியூக விளையாட்டு அப்படியல்ல. நகரம் அமைப்பது, விவசாயம் செய்து களஞ்சியத்தை நிரப்புவது, படை திரட்டுவது, அயல் நாட்டோடு உடன்பாடு செய்வது எனத் திட்டமிடுதலே அங்கு பிரதானம். சதுரங்கத்தின் விரிந்த வடிவம் எனலாம்.

1999 இல் வெளிவந்த 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' இதில் மிகப் புகழ்பெற்றது. 1187 இல் பைத்துல் முகத்தஸை மீட்ட சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் வரலாற்றையொட்டிய படையெடுப்பு அதில் ஒரு பகுதி. புதுப்பிக்கப்பட்ட பதிப்பு 2019 இல் வந்தது. அதற்கு 2022 இல் வெளியான இணைப்பொன்றில் நம் நாட்டு வரலாற்றோடு தொடர்புடைய இராஜேந்திர சோழனும் இடம்பெறுகிறான். இன்னொன்று 'சிவிலைசேஷன்'. இதன் 6ஆம் பாகம் 2016 இலும் 7ஆம் பாகம் 2025 இலும் வெளிவந்தன.

இயந்திரத்தில் பார்க்க வேண்டியவை

இவ்வகை விளையாட்டு கேட்பது முதலில் கணக்குப் போடும் மூளையை, அதாவது புரொசெசரை. ஆட்டம் வளர வளர நூற்றுக்கணக்கான படைகளும் நகரங்களும் சேரும். எதிராளியாக இருந்து கணனி ஒவ்வொன்றுக்கும் யோசிக்க வேண்டும். மலிவான இயந்திரம் ஆரம்பத்தில் நன்றாக ஓடிவிட்டு, ஆட்டத்தின் பிற்பகுதியில் தள்ளாடுவது இதனால்தான்.

இன்டெல் புரொசெசரில் ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயரை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. அதை அடுத்து வரும் எண்ணைப் படியுங்கள். 8250யூ என்றால் 8ஆம் தலைமுறை. 10, 11, 12 என்று தொடங்கினால் அந்தந்தத் தலைமுறை. 7ஆம் தலைமுறை 'ஐ7 7500யூ' இரண்டு கருக்கள் கொண்டது. 8ஆம் தலைமுறை 'ஐ5 8250யூ' நான்கு கருக்கள் கொண்டது. பெயரில் சிறியதாகத் தெரிவது வேலையில் பெரியது.

8ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காமலிருக்க மற்றொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்ட்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக 8ஆம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையுமே ஏற்கிறது.

அடுத்தது ரெம் நினைவகம். சிவிலைசேஷன் 6ஆம் பாகத்துக்கும் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸின் புதிய பதிப்புக்கும் அவற்றை வெளியிட்டவர்கள் பரிந்துரைப்பது 8 ஜிபி. சிவிலைசேஷன் 7ஆம் பாகத்துக்கு 16 ஜிபி. எனவே 8 ஜிபியோடு வாங்கினாலும் பின்னர் 16 ஆகக் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். மெல்லிய மடிக்கணனிகள் சிலவற்றில் ரெம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும், மாற்ற முடியாது.

பலரும் கவனிக்காத விடயம் ஒன்று இங்கே இருக்கிறது. தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணனி, படம் வரையவும் இந்த ரெம்மையே பங்குபோட்டுக் கொள்கிறது. 16 ஜிபியை ஒரே தகடாகப் போடுவதைவிட 8 ஜிபி தகடுகள் இரண்டாகப் போட்டால் தரவு இரு வழிகளில் ஓடும், படமும் சீராக வரும். 11ஆம் தலைமுறை ஐ5 புரொசெசர்களில் உள்ள 'ஐரிஸ் எக்ஸ்ஈ' கிராபிக்ஸ் இவ்விளையாட்டுகளை நடுத்தர அமைப்பில் ஓட்டப் போதுமானது. 8ஆம் தலைமுறையில் காட்சியின் தரத்தைக் குறைத்து வைத்து விளையாடலாம். சிவிலைசேஷன் 7ஆம் பாகமோ 'டோட்டல் வோர்' வரிசையின் புதிய பாகங்களோதான் வேண்டுமென்றால் மட்டும் தனிக் கிராபிக்ஸ் அட்டை பற்றி யோசியுங்கள்.

மூன்றாவது, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி இருக்க வேண்டும். நான்காவது திரை. இவ்விளையாட்டுகளில் சிறிய எழுத்துகள் அதிகம். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் எழுத்து தெளிவாக இருக்கும், 1366க்கு 768 என்றால் மங்கலாகத் தெரியும்.

பாவித்தது வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். லெனோவோ திங்க்பேட், டெல் லெட்டிடியூட், எச்பி எலைட்புக் ஆகியவை அலுவலகங்களுக்கென்றே உறுதியாகச் செய்யப்பட்ட வரிசைகள். நிறுவனங்கள் சில வருடங்கள் பாவித்துக் கழித்த பின் இவை கடைகளுக்கு வருகின்றன. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்று பல கடைகள் ஒன்றாக இருக்கும் இடத்துக்குப் போனால் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். காசைக் கொடுக்கும் முன் கடையிலேயே இவற்றைச் செய்யுங்கள்:

1. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் 'டாஸ்க் மனேஜர்' திறக்கும். அதில் புரொசெசரின் முழுப் பெயரும், ரெம்மின் அளவும், இரண்டு இடங்களில் எத்தனை நிரம்பியுள்ளன என்பதும் தெரியும். விளம்பரத் துண்டில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள்.

2. அரை மணி நேரம் ஓட விடுங்கள். அடிப்பக்கம் கை வைக்க முடியாதபடி சுடுகிறதா, மின்விசிறி இரைகிறதா என்று பாருங்கள்.

3. மின்சாரத்தைக் கழற்றிவிட்டு பெட்டரி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கவனியுங்கள்.

4. பயோஸ் பகுதிக்குள் கடவுச்சொல் கேட்கிறதா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய நிறுவனத்தின் பூட்டு நீங்காத இயந்திரம் வேண்டாம்.

5. உத்தரவாதம் எத்தனை மாதம், எதற்கெல்லாம் செல்லும் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

காசு எங்கிருந்து வருகிறது?

சகோதரிகள் இதைச் சற்று நிதானமாக வாசிக்க வேண்டும். விலை கூடிய இயந்திரத்துக்குக் காசு போதாதபோது கடையில் காட்டப்படும் வழி தவணைக் கட்டணம். வட்டி என்று சொல்லாமல் வேறு பெயரில் மேலதிகக் கட்டணம் அதில் ஒளிந்திருக்கலாம். தவணை பிந்தினால் என்ன சேரும் என்பதையும் கேளுங்கள். ஐயமிருந்தால் ஒப்பமிடும் முன் ஆலிம் ஒருவரிடம் விளக்கம் பெறுங்கள். பிள்ளையின் விளையாட்டுக்காகக் குடும்பம் வட்டியில் விழுவது எவ்வளவு பெரிய நஷ்டம்! சீட்டுக் காசு கைக்கு வரும் மாதம் வரை பொறுத்திருந்து, பாவித்த நல்ல இயந்திரமொன்றை ரொக்கத்துக்கு வாங்குவது பரக்கத்தானது.

இயந்திரத்தோடு செலவு முடிவதுமில்லை. விளையாட்டையும் வாங்க வேண்டும். திருட்டுப் பிரதி பிறர் உழைப்பை அபகரிப்பதாகும், வைரஸையும் கூடவே கொண்டு வரும். 'ஃப்ரீசிவ்', 'பெட்டில் ஃபோர் வெஸ்நோத்', '0 ஏ.டி.' ஆகியவை சட்டப்படியே இலவசம். முதலிரண்டும் பழைய கணனியிலும் ஓடும். 'ஸ்டீம்' என்னும் இணையக் கடையில் வாங்கினால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திரும்பப் பெறலாம். உங்கள் கணனியில் அது ஓடுகிறதா என்று பார்க்க இது நல்ல வழி. காசு கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியைத் திறக்கச் சொல்லும் விளையாட்டுகள் சூதை ஒத்தவை. அவற்றை வீட்டுக்குள் விடாதீர்கள்.

தொழுகையும் நேரமும்

ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் சதுரங்கம் பற்றிய பேச்சு மிகப் பழையது. சூதும் தொழுகை தவறுவதும் இல்லாதபோது அது மக்ரூஹ் என்றும், அவை சேர்ந்தால் ஹராம் என்றும் அங்கு சொல்லப்படுகிறது. ஏனைய மத்ஹபுகளில் இதைவிடக் கடுமையான கருத்துகள் உள்ளன. சிவிலைசேஷனில் மதங்களை நிறுவிப் பரப்புவதும் ஆட்டத்தின் ஓர் அங்கம். இஸ்லாத்தின் பெயரும் அதில் வரும் என்பதால் பிள்ளையோடு அதைப் பற்றிப் பேசி வையுங்கள்.

ஒரு நன்மையும் உண்டு. சிவிலைசேஷன், வெஸ்நோத் போன்றவை முறை வைத்து ஆடப்படுபவை. தனியாக ஆடும்போது அதான் கேட்டவுடன் அப்படியே சேமித்துவிட்டு எழுந்துவிடலாம், ஆட்டம் காத்திருக்கும். இணையத்தில் பலரோடு ஒரே நேரத்தில் மோதும் ஆட்டமோ காத்திருக்காது. மஃரிப் தவறுவதும் சோறு ஆறுவதும் அங்குதான் நடக்கிறது. எனினும் முறை வைத்து ஆடுபவற்றிலும் "இன்னும் ஒரே ஒரு முறை" என்று இரவு நீளும். ஆகவே கணனியைப் படுக்கையறைக்குக் கொடுக்காமல் எல்லோரும் நடமாடும் கூடத்தில் ஒரு மேசையில் வையுங்கள். கட்டில் மெத்தையில் வைத்தால் காற்றுத் துவாரம் அடைபட்டு இயந்திரமும் சூடேறிக் கெட்டுவிடும்.

இவ்வளவையும் நீங்கள் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. விளையாட்டின் பெயர், அதற்கு வேண்டிய ரெம், புரொசெசரின் தலைமுறை, மொத்தச் செலவு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதித் தரும்படி பிள்ளையிடமே சொல்லுங்கள். அந்தத் தாளோடு வாப்பாவும் பிள்ளையும் கடைக்குப் போகட்டும். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். இன்ஷா அல்லாஹ், உயர்தரப் பாடங்களுக்கும் உதவி, ஓய்வு நேர விளையாட்டுக்கும் போதுமான இயந்திரமொன்று கடனில்லாமல் வீடு வந்து சேரும்.